லூதிவீன் வெட்டிய சீஸ்

என் அண்ணி லூதிவீன் கதவைப் பூட்டினால் மூன்று தடவை இழுத்துப் பார்ப்பாள். நான்காவது தடவைக்குத் திரும்பி வந்தால் நான் கத்துவேன். வாயைத் திறக்காமல் போய்விடுவாள். என் தலை மறைந்ததும் வந்து இழுத்துப் பார்ப்பாள், அது எனக்குத் தெரியும். அடுப்பை அணைத்தோமா, கோழிக்கூண்டை மூடினோமா, கீழே ஆலையில் வேலை பார்க்கும் பிள்ளைகள் நேரத்துக்குச் சாப்பிட்டார்களா என்று ஒன்று போனால் ஒன்று வரும். அவளோடு சேர்ந்து வேலை செய்தால் நல்லவர்களுக்கே கோபம் வரும். நான் அவ்வளவு நல்லவளும் இல்லை.

ஊரில் அவளை யாரும் பெரிதாக நினைத்தது கிடையாது. சிப்ரியன் பெண்சாதி, அவ்வளவுதான். ரொட்டி சுடும் நாளில் வரிசையில் கடைசியில் நிற்பாள். மாதா கோவிலில் தூணுக்குப் பின்னால் உட்காருவாள். பேசத் தொடங்கினால் பாதி வாக்கியத்தில் நிறுத்திவிட்டு என் அண்ணன் முகத்தைப் பார்ப்பாள். அவன் மீதியைச் சொல்லி முடிப்பான். இருபத்தாறு வருஷம் அப்படியே ஓடியது.

அண்ணன் சிப்ரியனுக்கு வாய் நீளம். எங்கள் குடும்பத்துக்கே நீளம்தான், ஆனால் அவனுடையது எங்கே நீள வேண்டும் என்று தெரியாத வாய். முப்பத்துநாலாம் வருஷம் வசந்தத்தில் பங்காளி பசீலின் அப்பா இறந்தபோது நடந்ததைக் கேளுங்கள். எங்கள் பள்ளத்தாக்கில் ஒவ்வொருவருக்கும் ஒரு சாவுச் சீஸ் உண்டு. கல்யாணம் ஆன கோடையில் மேய்ச்சல் மலையிலிருந்து இறங்கும் சீஸ் வட்டுகளில் நல்லதாக இரண்டு எடுத்து, ஒன்றில் புருஷன் பேருக்கும் ஒன்றில் பெண்சாதி பேருக்கும் குறி வெட்டி, நிலவறையின் மேல்தட்டில் வைத்துவிடுவோம். ஆள் போனபிறகு, அடக்கத்துக்கு வந்தவர்களுக்கு அதை வெட்டித்தான் இறைச்சியோடும் ரொட்டியோடும் பலகையில் வைக்க வேண்டும். சீஸுக்கு எத்தனை வயதோ செத்தவருக்கு அத்தனை மரியாதை. பசீல் அப்பாவின் வட்டை எலி தின்றுவிட்டதால் அவசரத்துக்கு நாலு வருஷத்து வட்டை வெட்டினார்கள். என் அண்ணன் ஒரு துண்டை வாயில் போட்டான். "சீஸ் எப்ப வரும்? இப்ப வந்தது தயிர்தானே?" என்று மேசையில் எல்லோர் முன்னாலும் கேட்டான். பள்ளத்தாக்கு முழுக்கச் சிரித்தது. பசீல் சிரிக்கவில்லை.

அந்தக் கோடையில் வைக்கோல் கட்டைச் சரிவில் சுமந்து இறக்கும்போது அண்ணனுக்குக் குடல் இறங்கிவிட்டது. அடிவயிற்றில் முட்டை அளவுக்குப் புடைப்பு. செப்டம்பரில் ஒரு நாள் அது உள்ளே போகாமல் சிக்கிக்கொண்டு, அவன் போட்ட கூச்சலில் மாடுகள் மிரண்டன. டாக்டர் ஷப்புயி பட்டணத்திலிருந்து வந்து அரை நாள் போராடி உள்ளே தள்ளினார். ஆஸ்பத்திரிக்கு வந்து அறுத்துத் தைத்துக்கொள், மூன்று வாரத்தில் வீட்டுக்கு வந்துவிடலாம் என்று அப்போதே சொன்னார். அண்ணன் மாட்டேன் என்றான். அவன் கணக்கு இதுதான்: சின்ன வியாதி என்றால் ஆஸ்பத்திரி எதற்கு? பெரிய வியாதி என்றால் சொந்தக் கட்டிலில் சாவதுதான் மனுஷனுக்கு அழகு. இந்தக் கணக்கை யாராலும் உடைக்க முடியவில்லை.

அக்டோபரில் டாக்டர் கடிதம் எழுதினார். பனி விழுந்து பாதை மூடுவதற்கு முன்னால் கடைசியாக ஒருமுறை வருகிறேன், அன்றே என்னோடு பஸ்ஸில் பட்டணத்துக்கு இறங்கச் சம்மதித்தால் நல்லது, பனிக்காலத்தில் மறுபடி சிக்கிக்கொண்டால் நான் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருக்கும் என்று எழுதியிருந்தார். அதை லூதிவீன் படித்துவிட்டுத் தன் ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள். எனக்கு மட்டும் காட்டினாள். துணைக்கு நல்ல வார்த்தை சொல்லப் பசீலையும் கூப்பிட்டிருந்தாள். மேய்ச்சல் மலைச் சங்கத்துக்குத் தலைவன் அவன்தான், அவன் சொன்னால் மற்ற விஷயங்களில் அண்ணன் கேட்பான். வேறு யாரைக் கூப்பிடுவாள், பாவம்.

விருந்தாளி வந்தால் பலகை வைக்க வேண்டும். அதில்தான் அவளுக்குக் கை கால் ஓடவில்லை.

ஏனென்றால் படுக்கையில் கிடந்த அந்த ஒரு மாதத்தில் அண்ணன் யார் பேச்சையும் நம்புவதை விட்டுவிட்டான். பேச்சை விட்டுப் பொருளைப் பார்த்தான். ஞாயிற்றுக்கிழமைச் சட்டையை அவள் தேய்த்து வைத்தால், சவப்பெட்டியில் போட்டு அனுப்பவா என்பான். புது விரிப்பு விரித்தால் முகம் சுண்டிப்போகும். கடிகாரம் நின்றுபோன அன்று சாப்பிடவே இல்லை. இந்த ஆள் முன்னால் ஒரு பலகை போகப் போகிறது. நிறைய வைத்தால், கடைசி விருந்தா என்று கேட்பான். குறைத்து வைத்தால், பசீல் ஊர் முழுக்கச் சொல்லுவான் என்று அவமானப்பட்டு டாக்டரோடு பேசவே மாட்டான்.

காலை ஏழு மணிக்கே நான் போனேன். அவள் பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ஏற்கெனவே துடைத்திருந்தாள் என்று பார்த்தாலே தெரிந்தது.

"எர்னஸ்தீன், பன்றித்தொடையை வெட்டலாமா?" என்றாள். அது கிறிஸ்துமஸுக்குத் தொங்கவிட்டது.

"வெட்டுங்களேன்."

"வெட்டினா, கிறிஸ்துமஸ் வரைக்கும் நான் இருக்க மாட்டேன்னு முடிவு பண்ணிட்டியான்னு அவர்..." என்று நிறுத்தினாள்.

தொடை வேண்டாம் என்று ஆனது. உலர்த்திய மாட்டிறைச்சியைக் காகிதம் மாதிரி சீவி அடுக்கினாள். கை நடுங்கியதால் சில சீவல் காகிதமாகவும் சில அட்டையாகவும் விழுந்தன. அட்டைகளைப் பொறுக்கி என் கையில் கொடுத்தாள், நான் தின்றேன். புகைபோட்ட பன்றிக்கொழுப்பை இடப்பக்கம் வைத்தாள், பிறகு வலப்பக்கம் வைத்தாள். காய்ந்த சாசேஜை வட்டமாக நறுக்கிச் சுற்றி வைத்தவள், மலர்வளையம் மாதிரி இருக்கிறது என்று கலைத்தாள். நானும் பார்த்தேன், அப்படித்தான் இருந்தது. காடியில் ஊறிய வெங்காயம், கறுப்பு ரொட்டி, காய்ந்த பேரிக்காய் நாலு. நடுவில் சீஸுக்கு இடம் விட்டாள். மூன்று தடவை எல்லாவற்றையும் எடுத்துவிட்டு மூன்று தடவை அடுக்கினாள். நாலாவது தடவை எடுக்கப் போனபோது நான் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். பனிக்கட்டி மாதிரி சில்லென்று இருந்தது.

பஸ் ஹாரன் கேட்டது. அப்போதுதான் சீஸ் இன்னும் எடுக்கவில்லை என்று அவளுக்கு உறைத்தது. கத்தியும் விளக்குமாக நிலவறைக்கு ஓடினாள். கீழ்த்தட்டில் விருந்தாளிகளுக்கென்று மூன்று வருஷத்து வட்டு ஒன்று முழுசாக வைத்திருந்தது. கீழ்த்தட்டிலிருந்த வட்டில் ஒரு பெரிய துண்டு வெட்டிக்கொண்டு வந்து பலகை நடுவில் வைத்தாள். வெட்டவே வரவில்லை, ரொம்பக் காய்ந்துவிட்டது என்று மூச்சு வாங்கினாள். எனக்கும் ஒன்றும் தோன்றவில்லை.

டாக்டர் சமவெளிக்காரர், சிவந்த முகம், படியேறி வந்ததில் சட்டைக்காலர் நனைந்திருந்தது. பசீல் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு பின்னால் வந்தான். இருவரும் அண்ணன் கட்டிலருகே உட்கார்ந்தார்கள். டாக்டர் புடைப்பைத் தொட்டுப் பார்த்தார், நல்ல வார்த்தை நாலு சொன்னார், மூன்று மணிக்கு ஒரு பஸ், கூட நானே இருக்கிறேன் என்றார். அண்ணன் உத்தரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஆனால் மாட்டேன் என்று சொல்லவில்லை. யோசிக்கிறேன் என்றான். அந்த ஒரு வார்த்தைக்கு லூதிவீன் கண்ணை மூடித் திறந்ததை நான் பார்த்தேன்.

பலகையை உள்ளே கொண்டுபோனாள். என்னை ஒயின் கொண்டுவரச் சொன்னாள்.

நிலவறையில் அவள் அவசரத்தில் வட்டைத் தரையில் விட்டுப் போயிருந்தாள். தட்டில் தூக்கி வைக்கலாமென்று இரண்டு கையாலும் எடுத்தேன். அடிப்பக்கத்தில் விரலுக்குப் பள்ளம் தட்டியது. திருப்பி விளக்கில் பிடித்தேன். சிலுவை, அதன் கீழே இரண்டு கோடு, எங்கள் குடும்பக் குறி, அண்ணன் பேருக்கு வெட்டியது. சிலுவையில் பாதிதான் இருந்தது. மீதி மேலே பலகையில் இருந்தது.

எப்படி நடந்தது என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. போன வாரம் தட்டுகளைக் கழுவியது நான். அவளுக்கு நோயாளியைப் பார்க்கவே நேரம் போதவில்லை என்று பெரிய மனசு பண்ணி வந்து, எல்லா வட்டையும் இறக்கி, தட்டுகளைத் தேய்த்து, திரும்ப ஏற்றினேன். ஏற்றும்போது எதிர்வீட்டுக்காரியோடு ஆட்டுக்குட்டி விஷயமாக ஜன்னல் வழியாகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். விருந்தாளி வட்டு மேலே போயிருக்கிறது, அண்ணனுடைய சாவுச் சீஸ் குப்புறக் கீழே வந்திருக்கிறது. ஒயின் குடத்தைத் தூக்கிக்கொண்டு படி இரண்டிரண்டாக ஏறினேன்.

எங்களில் வீட்டுக்காரர் கையால் முதல் துண்டு விழாமல் விருந்தாளி பலகையைத் தொட மாட்டார். படுத்த படுக்கை என்றாலும் அதுதான் முறை. நான் வாசலுக்கு வந்தபோது அண்ணன் தலையணையில் சாய்ந்து, முதல் துண்டைச் சீவி டாக்டர் கையில் கொடுத்துவிட்டிருந்தான். அடுத்த துண்டுக்குமுன் தோலைச் சீவலாமென்று சீஸைத் திருப்பினான். கத்தி அப்படியே நின்றது. பழைய சீஸுக்கு மட்டும் வரும் தேன் நிறத்தை முதலிலேயே பார்த்திருப்பான். ஏதோ சந்தேகத்தில்தான் திருப்பியிருக்க வேண்டும்.

பசீலும் பார்த்துவிட்டான். துண்டுக்காக நீட்டியிருந்த கை அந்தரத்தில் நின்றது. டாக்டருக்கு மட்டும் ஒன்றும் புரியவில்லை, கண்ணை மூடி மென்றுகொண்டிருந்தார். என் வாழ்நாளில் இப்படி ஒரு சீஸ் சாப்பிட்டதில்லை, இது எந்த விசேஷத்துக்கு வைத்தது என்று கேட்டார்.

"லூதிவீன், இது யாரோடது?" என்றான் அண்ணன்.

அவள் குனிந்து பார்த்தாள். "உங்களோடதுதான். இருட்டுல மாத்தி எடுத்துட்டேன்."

"மாத்தி எடுத்துட்டே." அவன் சிரித்தான், அந்தச் சிரிப்பைப் பார்க்கச் சகிக்கவில்லை. "டாக்டர் உன்கிட்டத் தனியா என்ன சொன்னார்?"

"ஒண்ணும் சொல்லல. நிஜமா, நான்..." என்று நிறுத்தினாள்.

அந்த இடத்தில் நான் பேசியிருக்க வேண்டும். தப்பு என்னுடையது அண்ணே என்று ஒரு வார்த்தை. எல்லாரையும் கேள்வி கேட்கிற இந்த வாய் அன்றைக்கு ஒட்டிக்கொண்டது. இத்தனை வருஷம் ஆகியும் அதை நினைத்தால் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அண்ணன் கத்தியைப் பலகையில் வைத்தான். "சரி டாக்டர், தெரிஞ்சிக்க வேண்டியதைத் தெரிஞ்சிக்கிட்டேன். நான் எங்கயும் வரல. இங்கயே இருந்துக்கறேன்." சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

டாக்டர் எழுந்து நின்று என்னைப் பார்த்தார், பசீலைப் பார்த்தார். லூதிவீன் அறையைவிட்டு வெளியே போனாள். நிலவறைப் படியில் அவள் இறங்குகிற சத்தம் கேட்டது. அழப் போகிறாள் என்று நினைத்தேன்.

அவள் அழவில்லை. மீதி வட்டை மார்போடு அணைத்துத் தூக்கிக்கொண்டு வந்தாள். கட்டில் பக்கத்து மேசையில் பொத்தென்று வைத்தாள். பலகையிலிருந்த கத்தியை எடுத்து, இரண்டு கையாலும் அழுத்தி வெட்டினாள். கை நடுங்கவில்லை.

"சாப்பிடு, பசீல்."

"அண்ணி, இது வந்து..."

"சாப்பிடுன்னேன்."

பசீல் வாயில் போட்டுக்கொண்டான். டாக்டருக்கு ஒரு பெரிய துண்டைத் துணியில் கட்டிக் கையில் வைத்தாள். எனக்கொன்று கொடுத்தாள். முற்றத்தில் போகிறவர்களைக் கூப்பிடு என்றாள். அது எனக்கு வரும். ஜன்னலைத் திறந்து ஒரு கத்துக் கத்தினேன். எதிர்வீட்டுக்காரி வந்தாள், தண்ணீருக்குப் போன பெண்கள் மூன்று பேர் வந்தார்கள். சீஸைப் பார்த்ததும் ஒருத்தி சிலுவை போட்டுக்கொண்டு கட்டிலைப் பார்த்தாள். செத்தவன் எழுந்து உட்கார்ந்திருந்தான்.

"உனக்குப் புத்தி பேதலிச்சுப்போச்சா? என் சீஸ்! இருபத்தாறு வருஷம்!" என்று அவன் கத்தினான். ஒரு மாதமாக அந்தக் குரலை நாங்கள் கேட்கவில்லை.

லூதிவீன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஏப்ரனை விரிக்கச் சொல்லி ஒவ்வொருத்திக்கும் வெட்டிப் போட்டாள். வீட்டுக்குக் கொண்டுபோங்கள், பிள்ளைகளுக்குக் கொடுங்கள் என்றாள். அவர்கள் பயத்தில் நன்றிகூடச் சொல்லாமல் படியிறங்கினார்கள். கடைசியில் மேசைமேல் தோல் மட்டும் கிடந்தது. பலகையில் அவ்வளவு பாடுபட்டு அடுக்கிய இறைச்சியை ஒருவரும் தொடவில்லை.

"பாத்துக்குங்க. தீந்துபோச்சு," என்றாள். "இப்ப நீங்க போனா ஊருக்கு வைக்க என்ன இருக்கு? விருந்தாளிக்கு வச்சதைச் சாவுக்கு வெட்ட மாட்டேன். போன மாசம் மலையிலேர்ந்து வந்த வட்டுதான் இருக்கு. இன்னும் பால் வாசம்கூடப் போகல."

பசீல் மென்றதை விழுங்கினான். வசந்தத்திலிருந்து காத்திருந்தவன் அல்லவா. "எங்கப்பாவுக்கு நாலு வருஷத்துதாவது இருந்துச்சு, சிப்ரியன். உனக்கு நாலு வாரத்துதா? அதைத் தயிர்னு சொன்னாத் தயிருக்குக் கோவம் வரும்."

அண்ணன் முகம் சிவந்தது. பிறகு மெதுவாகக் கேட்டான், "உன்னோடது ஒண்ணு இருக்கில்ல?"

அறையில் எல்லோருக்கும் அது கேட்டது. கேட்டபிறகு, கேட்டிருக்கக் கூடாது என்று அவனுக்கே தெரிந்திருக்கும்.

"இருக்கு," என்றாள் லூதிவீன். "நீங்க போயிட்டா அதைத்தான் வெட்டுவேன். உங்களுக்குக் குறை வைக்க மாட்டேன். அப்புறம் நான் போறப்ப என்னைப் புதைக்க வர்றவங்க வெறும் ரொட்டியைத் தின்னுட்டுப் போகட்டும். அது உங்களுக்குச் சம்மதம்னா இங்கயே படுத்திருங்க, நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன்."

நிறுத்தாமல் கடைசிவரை சொன்னாள். யார் முகத்தையும் பார்க்கவில்லை.

டாக்டர் கடிகாரத்தை எடுத்துப் பார்த்துவிட்டு உள்ளே போட்டார். அண்ணன் காலைக் கட்டிலிலிருந்து கீழே தொங்கவிட்டான்.

"மூணு வாரம்னீங்களே டாக்டர்," என்றான், "நாலு ஆகாதே?"

தேய்த்து வைத்த ஞாயிற்றுக்கிழமைச் சட்டையைத்தான் போட்டுக்கொண்டு போனான். பஸ் வளைவு திரும்பி மறைந்ததும் லூதிவீனுக்குப் பழைய நடுக்கம் வந்துவிட்டது. ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்து, கம்பளிக் காலுறை வைத்தேனா, ஜெபமாலை வைத்தேனா, அறுக்கும்போது கண் விழித்துக்கொள்வாரா என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். அப்போது சொல்லிவிட்டேன். தட்டில் மாற்றி வைத்தது நான், நீ இல்லை என்று. முதல் தடவையாக அவளை நீ என்று சொல்லியிருந்தேன், எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். யாரிடமும் சொல்லாதே, அவருக்குத் தெரிந்தால் உன்னைத் திட்டுவார் என்றாள். இன்றுவரை ஊரில் இருட்டில் சாவுச் சீஸ் வெட்டினவள் என்று அவளைத்தான் கேலி செய்கிறார்கள்.

அந்த மூன்று வாரமும் அவள் தினம் நிலவறைக்குப் போய்த் தன் வட்டைப் பார்த்துவிட்டு வந்தாள். தபால்காரர் படியேறினால் முதலில் நிலவறைப் பக்கம்தான் அவள் கண் போகும். அதை வெட்டும்படி ஆகிவிடக் கூடாதே என்று அவள் வாய்விட்டுச் சொல்லவில்லை. மூன்று வாரம் நாலு வாரமானது, காயத்தில் சீழ் வைத்ததாக நடுவில் ஒரு கடிதம் வந்தது. நல்ல சேதி வரும்வரை ஐந்து நாள் அவள் சாப்பிட்டதை நான் பார்க்கவில்லை.

நவம்பர் கடைசியில், பாதை மூடுவதற்கு இரண்டு நாள் முன்னால், அண்ணன் வந்தான். இளைத்திருந்தான், கோலூன்றி நடந்தான். அவள் சூப்பைச் சுடவைத்துக் காத்திருந்தாள். அவன் சமையலறைக்கு வரவில்லை. விளக்கைக் கொடு என்று வாங்கிக்கொண்டு, வேண்டாம் வேண்டாம் என்று நாங்கள் தடுக்கத் தடுக்க, நிலவறைப் படியில் ஒவ்வொன்றாக இறங்கினான். நாங்கள் பின்னாலேயே போனோம்.

விருந்தாளி வட்டை நான் முன்பே கீழே இறக்கியிருந்தேன், மேல்தட்டில் லூதிவீன் பேருக்கு வைத்த வட்டு மட்டும் முழுசாக இருந்தது. விளக்கை உயர்த்திப் பார்த்தான். கையால் சுற்றி வரத் தடவினான். சட்டைக் கையால் தூசியைத் துடைத்தான். பக்கத்தில் காலியாக இருந்த இடத்தை அவன் பார்க்கவே இல்லை.

"என்ன பண்றீங்க?" என்றாள் அவள்.

"இருக்கான்னு பாக்கறேன்."

மேலே வந்து நிலவறைக் கதவைப் பூட்டினான். ஒரு தடவை இழுத்துப் பார்த்தான். இரண்டு அடி நடந்துவிட்டுத் திரும்பி வந்து மறுபடி இழுத்துப் பார்த்தான். மூன்றாவது தடவையும் அவன் திரும்பியபோது நான் கத்தவில்லை.